ஒன்றும் வாங்காமல் ஹாலை மாற்றி அடுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஹால் சாமான்கள் எல்லாம் நடுவீட்டுக்கு வந்து குவியும். அடித்து முடிந்த மறுநாள் சோபா பழைய சுவருக்கே போகும், பீரோ பழைய தடத்திலேயே போய் நிற்கும், டீப்பாய் எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பும். திருநெல்வேலிச் சீமையில் முக்கால்வாசி வீடுகளில் இதுதான் நடக்கிறது. இருக்கிற சாமான்களை வைத்தே ஹாலை மாற்றிப் பார்க்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. பாளையங்கோட்டை காலனி வீடு, டவுன் வளவு வீடு, வண்ணார்பேட்டை அடுக்குமாடி மூன்றையும் மனதில் வைத்து எழுதியது.

புதுசாக ஒன்றுமே வாங்காமல் ஹால் புதுசாகத் தெரியுமா?

தெரியும். ஹால் பழசாகிவிட்டது என்று தோன்றும்போது பெரும்பாலும் சாமான் மேல் குற்றமில்லை, அது நிற்கிற இடத்தில்தான் கோளாறு. நம் வீடுகளில் குடிவந்த அன்றே டிவிக்கு ஒரு சுவரை ஒதுக்கிவிடுவோம். அதற்கு எதிர்ச்சுவரில் சோபா. மிச்சம் இருக்கிற சுவர்களில் மிச்சம் இருக்கிற சாமான். ஃபேனை எலக்ட்ரீஷியன் ஹாலின் நட்டநடுவில் மாட்டியிருப்பார். ஆக, ஃபேனுக்கு நேர்கீழே டீப்பாய் ஜம்மென்று காற்று வாங்கும், மனுஷர்கள் சுவரோரம் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருப்பார்கள்.

என்னைக் கேட்டால், நம் ஊர் ஹாலில் காற்று எங்கே வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிவி அதற்கு அப்புறம். கீழே வருகிற பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்தில் இருந்து வருபவைதான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

சாமானைத் தொடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் சேரை மட்டும் எடுத்துக்கொண்டு ஹாலில் நாலைந்து இடங்களில் உட்கார்ந்து பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு ஒரு சுற்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சுற்று. இரண்டு வேளைக்கும் ஒரே இடம் சுகமாக இருக்காது என்பது அப்போது தெரியும்.

காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க ஊதுபத்தி போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, முன்வாசலையும் பின்வாசலையும் திறந்து வைத்து, ஜன்னல் பக்கத்தில் ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். புகை உள்ளே இழுக்கப்படுகிறதா, வெளியே போகிறதா, அங்கேயே சுழல்கிறதா? சுழல்கிற இடம் சாமானுக்கு. இழுக்கிற வழியில் மனுஷர் உட்கார வேண்டும். சில வீடுகளில் அடுக்களைக் கதவைத் திறந்தால்தான் ஹாலுக்கே காற்று வரும். வெளியே போக வழி இல்லாமல் காற்று உள்ளே வராது.

அடுத்து ஃபேன். சாதாரணமாக வீடுகளில் மாட்டுவது 1,200 மில்லிமீட்டர் ஃபேன், அதாவது நாலடி வட்டம். அந்த வட்டத்துக்குக் கீழேயும் அதைச் சுற்றி இரண்டு அடிக்குள்ளும்தான் காற்று நன்றாக இறங்கும். அதற்கு வெளியே போகப் போக வெறும் சத்தம்தான்.

இதெல்லாம் தெரிந்த பிறகு இஞ்ச் டேப்பால் சோபா, டிவி ஸ்டாண்ட், பீரோ மூன்றையும் அளந்து, அதே அளவில் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோலப்பொடியும் ஆகும். கோட்டை அழித்து வேறிடத்தில் போட ஒரு நிமிஷம்தான். பீரோவை ஒருமுறை நகர்த்தினால் இடுப்பு இரண்டு நாள் பேசும்.

சோபாவைச் சுவரை ஒட்டித்தானே போட வேண்டும்?

அப்படி ஒரு சட்டம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு ஹால் என்றால் வேறு வழி இருக்காது, சரி. பன்னிரண்டுக்குப் பதினாறோ அதற்கு மேலோ இருந்தால் சோபாவை ஒரு முழம், ஒன்றரை முழம் உள்ளே தள்ளிப் போடலாம். ஆள் ஃபேன் வட்டத்துக்குள் வந்துவிடுவார். முதுகுப் பக்கம் சுவருக்கும் சோபாவுக்கும் நடுவில் துடைப்பம் போக இடம் கிடைக்கும். பல்லி முட்டை, ஒட்டடை, காணாமல் போன ரிமோட் மூடி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

மூன்று பேர் சோபாவும் இரண்டு ஒற்றை சோபாவும் கொண்ட செட் நம் வீடுகளில் அதிகம். மூன்றையும் பேருந்து நிலைய பெஞ்சு மாதிரி ஒரே வரிசையில் போட்டால் பேசுகிறவர்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெரியதை ஒரு பக்கம், ஒற்றை இரண்டை எதிரே அல்லது பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்துப் போட்டுப் பாருங்கள். எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவில் எட்டடிக்கு மேல் போனால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். ஃபேன் ஓடுகிற வீட்டில் ஆறேழு அடியே நல்லது.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

ஆள் நடக்கிற வழிக்கு இரண்டரை அடியில் இருந்து மூன்று அடி. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் ஒன்றேகாலில் இருந்து ஒன்றரை அடி, காப்பி டம்ளர் எட்ட வேண்டும், முழங்கால் இடிக்கக் கூடாது. சாமானுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் நாலு விரல்கடை. முன்வாசலில் இருந்து அடுக்களைக்கு நேராகப் போகிற வழியில் எதையும் போடாதீர்கள். தண்ணீர்க் குடமோ சிலிண்டரோ தூக்கி வருகிறவர் வளைந்து வளைந்து போக முடியாது.

டிவியை நகர்த்த முடியாதே, கேபிள் பாயிண்ட் அங்கேதானே இருக்கிறது?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். டிவியை நகர்த்தச் சொல்லவில்லை. அதற்கு எதிரே சோபா இருந்தே தீர வேண்டும் என்கிற எண்ணத்தை மட்டும் விடுங்கள். பக்கவாட்டில் சற்றுச் சாய்வாக உட்கார்ந்து பார்த்தாலும் படம் தெரியும். இப்போதைய டிவிகள் பலவற்றில் கோணம் சற்று மாறினாலும் நிறம் அவ்வளவாகக் கெடுவதில்லை.

தூரக் கணக்கு: 43 இஞ்ச் டிவிக்கு ஐந்தரை அடியில் இருந்து ஒன்பது அடி வரை உட்காரலாம். டிவியின் அளவைப் போல ஒன்றரையில் இருந்து இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில்தான் நம் ஊரில் அநியாயம் நடக்கிறது. நிலைக்கு மேலே சாமி படம் மாட்டுகிற உயரத்தில் டிவியை மாட்டிவிட்டு, ராத்திரி கழுத்துக்குத் தைலம் தேய்ப்பார்கள். உட்கார்ந்திருப்பவர் கண் தரையில் இருந்து மூன்றரை அடியில் இருக்கும். டிவியின் நடுப்பகுதி அதை ஒட்டி இருந்தால் போதும். சுவரில் மாட்டியதைக் கழற்ற மனமில்லை என்றால் சோபாவைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், அண்ணாந்து பார்ப்பது குறையும்.

ஜன்னலுக்கு நேர் எதிரே டிவி வேண்டாம். பகலெல்லாம் திரையில் தெருதான் தெரியும்.

மாமனார் கன்னி மூலையில்தான் பீரோ இருக்க வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். வாஸ்து நம்பிக்கை உங்களுக்கு இருக்கிறதோ இல்லையோ, தென்மேற்கு மூலையில் கனத்தை வைப்பதில் நம் வெயிலுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மேற்குச் சுவரில் மதியத்துக்கு மேல் அடிக்கிற வெயில் உடனே உள்ளே வராது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவருக்குள் மெல்ல இறங்கி, ராத்திரி சாப்பிடுகிற நேரத்துக்கு உள்பக்கம் கொதிக்க ஆரம்பிக்கும். சித்திரை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சுவரோரம் சோபாவைப் போட்டால் முதுகில் அனல். பீரோவும் புத்தக அலமாரியும் நின்றால் அந்தச் சூட்டை அவை மறைத்துக்கொள்ளும். நாலு விரல்கடை இடைவெளி மட்டும் விட்டு நிறுத்துங்கள்.

ஈசானிய மூலை காலியாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் அப்படித்தான். காலை வெளிச்சம் வருகிற மூலையை அடைக்காமல் இருந்தால் ஹால் பெரிதாகத் தெரியும். ஆகவே மாமனாரோடு சண்டை வேண்டாம். பீரோவை அவர் பேச்சுப்படி வைத்துவிட்டு, சோபாவை உங்கள் இஷ்டத்துக்குப் போடுங்கள்.

தெற்கு ஜன்னல் பக்கம் போட்ட சோபா துணி வெளுத்துப்போய்விட்டது. அங்கே வெயிலே வராது என்று நினைத்திருந்தோமே?

சித்திரை பிறந்ததில் இருந்து ஆவணி பாதி வரைக்கும் நம் ஊரில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் வெயில் விழாது, வடக்கு ஜன்னலில்தான் கொஞ்சம் விழும். மார்கழி, தையில் தலைகீழ். சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் நீளமாக உள்ளே வரும். நாம் கோடையை மட்டும் கணக்கில் வைத்துச் சாமானைப் போடுகிறோம், துணி குளிர்காலத்தில் வெளுக்கிறது. மார்கழி பிறந்ததும் சோபாவை ஓரடி தள்ளினாலே போதும். அதே ஜன்னலோரம் ஆச்சிக்கு ஒரு நாற்காலி போட்டால் காலை வெயில் காய நன்றாக இருக்கும்.

ஆடி மாதக் காற்றில் ஜன்னலைத் திறந்தால் வீடெல்லாம் மண். காற்றுக்காக எப்படி அமைப்பது?

ஆனி, ஆடியில் மேல்காற்று தொடங்கினால் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலாக வந்து விழும். மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது அதில் ஈரம் இருக்காது, வேகமும் புழுதியும்தான் மிச்சம். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை.

அந்த இரண்டு மூன்று மாதம் மேற்கு ஜன்னலில் கீழ்க் கதவை மூடி மேல் கதவை மட்டும் திறந்து வையுங்கள். பழைய ஜன்னல்களில் மேல், கீழ் என்று தனித்தனிக் கதவு இருப்பது இந்த வசதிக்குத்தான். திறந்த ஷெல்ஃப், டிவி, புத்தகம் எதுவும் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம். அங்கே துடைக்கச் சுலபமான மர பெஞ்சு நிற்கட்டும். துணி போட்ட சோபா எதிர்ப்பக்கம் போகட்டும்.

வருஷம் முழுக்க ஒரே அமைப்பு என்பது நம் ஊருக்குப் பொருந்தாது. பங்குனி, சித்திரைக்கு ஃபேன் வட்டத்துக்குள், மேற்குச் சுவரை விட்டு விலகி. ஆனி, ஆடிக்கு மேற்கு ஜன்னலுக்கு நேர் இல்லாமல். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குக் கிழக்கு, வடக்கு ஜன்னல்களில் இருந்து தள்ளி, ஏனென்றால் வடகிழக்குப் பருவமழையில் தெறிப்பு அந்தப் பக்கம்தான். இதற்காக ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் புரட்ட வேண்டியதில்லை. பீரோவும் டிவியும் நின்ற இடத்திலேயே நிற்கும். சோபாவும் ஒற்றை நாற்காலிகளும் மட்டும் இரண்டு மூன்று அடி நகரும்.

எங்கள் வீடு டவுனில் பழைய வளவு வீடு. தார்சாவும் (வாசலை அடுத்த முன்கூடம்) பட்டாசலும் (உள்கூடம்) நீளமாக, இருட்டாக இருக்கின்றன. என்ன செய்யலாம்?

நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளைச் சுற்றியுள்ள வீடுகளில் இருந்து இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. வீட்டின் அகலம் குறைவு, நீளம் அதிகம், இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். வெளிச்சம் தெருவில் இருந்தும் முற்றத்தில் இருந்தும்தான் வர வேண்டும்.

முதல் வேலை, அந்த இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் உயரமான சாமான் எதையும் விடாதீர்கள். தார்சாவுக்கும் பட்டாசலுக்கும் நடுவில் ஷோகேஸை நிறுத்தி மறைப்புக் கட்டியிருப்பார்கள். வருகிறவர்களுக்கு உள்வீடு தெரியக் கூடாது என்பதற்காக. அதை எடுத்துப் பக்கச் சுவரோடு வைத்துவிட்டு, மறைப்புக்கு வேண்டுமானால் ஒரு பழைய பருத்திச் சேலையை ஸ்கிரீனாகத் தொங்க விடுங்கள். மறைக்கவும் செய்யும், வெளிச்சத்தையும் காற்றையும் விடும்.

நீள அறையை ஒரே அறையாக நினைத்தால் ரயில் பெட்டியாகத்தான் தெரியும். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தெருப்பக்கம் வந்தவர்கள் உட்கார்ந்து பேச. முற்றத்துப் பக்கம் வீட்டுக்காரர்கள் சாப்பிட, படிக்க, காய் நறுக்க. நடுவில் சோபாவின் முதுகே எல்லையாக இருக்கலாம். ஊஞ்சல் இருந்தால் அதுவே எல்லை, வேறு எதுவும் வேண்டாம். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் மூன்றடி காலியாக விட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கூடுதலாக.

பெரிய கண்ணாடி ஏதாவது வீட்டில் இருந்தால், பழைய டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியாக இருந்தாலும் சரி, முற்றத்துக்குப் பக்கச் சுவரில் மாட்டிப் பாருங்கள். முற்றத்து வெளிச்சம் பட்டாசல் வரை வரும். முற்றத்தைத் தகரம் போட்டு மூடியிருக்கிறீர்களா? அப்படியானால் எந்தச் சாமானை எங்கே வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு தகட்டையாவது எடுத்துவிட்டு ஒளி புகுகிற தகடு போட்டால்தான் விடிவு. இது ஒன்றுக்குக் காசு செலவாகும்.

தாத்தா ஆச்சி படங்களை எங்கே மாட்டுவது? ஒரு சுவர் நிறைய இருக்கின்றன.

பழைய வீடுகளில் படங்களை நிலைக்கு மேலே வரிசையாக மாட்டியிருப்பார்கள். கீழ்ச் சட்டம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கும், மேல்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு முன்னால் சாய்ந்து நிற்கும். அண்ணாந்து பார்க்கிறவருக்கு அந்தச் சாய்வு வேண்டும், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் முகம் தெரியும். புது வீட்டுக்கு வந்ததும் அதே உயரத்தில் சுவரோடு ஒட்டி மாட்டுகிறோம், தாத்தா முகத்தில் ட்யூப்லைட்தான் தெரிகிறது. ஒன்று சாய்த்து மாட்டுங்கள். இல்லையென்றால் படத்தின் நடுப்பகுதி தரையில் இருந்து நாலே முக்கால் அடியில் இருக்கிற மாதிரி இறக்குங்கள். நின்றால் கண்ணுக்கு நேரே வரும்.

எல்லாவற்றையும் ஹாலில் மாட்ட வேண்டியதில்லை. கல்யாணப் படம், குடும்பமாக எடுத்தது, பட்டம் வாங்கியது என்று ஒரே சுவரில் நெருக்கி மாட்டுங்கள், நடுவில் மூன்று நாலு விரல் இடைவெளி விட்டு. மாட்டுவதற்கு முன்னால் படங்களைத் தரையில் பரப்பி வரிசை பார்த்துக்கொண்டால் சுவரில் ஆணி ஓட்டை குறையும். மாலை போட்ட படத்தைச் சாமி படங்களோடு சேர்க்காமல் தனியாக வைப்பது பெரும்பாலான வீட்டு வழக்கம், அப்படியே இருக்கட்டும்.

இறக்கும்போது பின்பக்கம் பாருங்கள். அட்டையில் ராமபாணம் அரித்திருக்கும், சில வீடுகளில் குருவிக்கூடு இருந்த வைக்கோல்கூட மிச்சம் இருக்கும். அட்டையை மாற்றலாம். ஆனால் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தமடைப் பாய் பீரோ மேலே சுருட்டிக் கிடக்கிறது. அதை ஹாலில் பயன்படுத்தலாமா?

கட்டாயம். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்து, புவிசார் குறியீடும் வாங்கிய பாயை வைத்துக்கொண்டு ஆன்லைனில் கார்ப்பெட் தேடுகிறவர்களைப் பார்க்கும்போது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்த பாயாக இருந்தால் அதைத் தரையில் போட்டு மிதிக்க மனம் வராது. சுவரில் தொங்க விடுங்கள். மேல் ஓரத்துத் துணிக்கரைக்குப் பின்னால் ஒரு மெல்லிய கம்பைக் கொடுத்து, கம்பின் இரண்டு முனையிலும் நூல் கட்டி மாட்டினால் பாய்க்குச் சேதமில்லை. பாயில் ஆணி அடிக்கக் கூடாது, கோரை பிளக்கும். சோபாவுக்குப் பின்சுவரில் குறுக்காகத் தொங்கினால் வெறும் சுண்ணாம்புச் சுவர் வேறு மாதிரி ஆகிவிடும்.

முரட்டுக் கோரைப் பாய் என்றால் தரைக்கு. சோபாவுக்கு முன்னால் போட்டுச் சுற்றிலும் உட்கார்ந்தால், விருந்தாளிகள் வரும் நாளில் நாற்காலி தேட வேண்டாம். இரண்டு வகைக்கும் நேர் வெயில் ஆகாது, நிறம் மங்கிக் கோரை ஒடியும். ஈரமும் ஆகாது. மழைக்காலத்தில் விரித்தபடியே விட்டால் அடியில் பூஞ்சணம் பூக்கும், ஆகவே ராத்திரி சுருட்டி வைத்துவிடுங்கள். மடிக்கவே மடிக்காதீர்கள்.

ஷோகேஸ் நிறைய பொம்மை, பரிசுக் கோப்பை, பித்தளை. எதை எடுப்பது, எதை வைப்பது?

எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஷோகேஸைத் துடையுங்கள். மூன்றில் ஒரு பங்கை மட்டும் திரும்ப வையுங்கள். மீதியை அட்டைப்பெட்டியில் போட்டு மாதத்தை எழுதிப் பரணில் ஏற்றுங்கள். ஆறு மாதம் கழித்து அதை இறக்கி இதை ஏற்றினால் புதுசு வாங்கிய மாதிரியே இருக்கும்.

நம் பக்கத்துச் சாமான்களை மறக்காதீர்கள். அம்பாசமுத்திரம் மரச் சொப்பு, காருகுறிச்சி மண்பானை, பனை ஓலைப் பெட்டி, நார்ப்பெட்டி இவற்றில் ஏதாவது ஒன்று வீட்டில் எங்கேயாவது முடங்கிக் கிடக்கும். ஓலைப்பெட்டி ரிமோட்டுக்கும் சார்ஜருக்கும் ஆகும். சின்னப் பானையில் மணி பிளாண்ட் வைக்கலாம், அடியில் ஒரு தட்டு அவசியம், மண்பானை கசியும். சீராக வந்த பித்தளை குடமும் தாம்பாளமும் பரணில் கறுத்துக்கொண்டிருக்கும். புளி போட்டுத் தேய்த்து, தாம்பாளத்தைச் சுவரில் சாய்த்து, முன்னால் ஒரு செம்பை வைத்தால் மூலை நிறைந்துவிடும். ஒரு மூலைக்கு இது போதும், நாலு மூலையிலும் பித்தளை வைத்தால் பாத்திரக்கடை.

பீரோவை டைல்ஸ் கீறாமல் எப்படி நகர்த்துவது?

முதலில் காலி செய்யுங்கள், லாக்கர் உட்பட. கதவைப் பூட்டிக் கயிறு கட்டுங்கள், நகர்த்தும்போது கதவு திறந்தால் பீரோ முன்னால் சாயும். ஒருவர் ஒரு பக்கத்தைச் சற்றே சாய்க்க, இன்னொருவர் அடியில் மடித்த சாக்கையோ பழைய ஜமுக்காளத்தையோ விட வேண்டும். மறுபக்கமும் அப்படியே. பிறகு சாக்கைப் பிடித்து இழுங்கள், பீரோவின் மேல்பக்கத்தைத் தள்ளாதீர்கள். தள்ளுகிற கை இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். மொசைக் தரையிலும் ரெட் ஆக்சைடு தரையிலும் இதே முறைதான். ரெட் ஆக்சைடில் கீறல் விழுந்தால் மறைக்கவே முடியாது, ஆகவே அங்கே இரட்டைச் சாக்கு.

புது இடத்தில் நிறுத்தியதும் பூட்டு சரியாக விழுகிறதா பாருங்கள். விழவில்லை என்றால் பூட்டுக்காரரைக் கூப்பிட அவசரப்பட வேண்டாம், தரை சமமாக இல்லை என்று அர்த்தம். தாழ்ந்த காலுக்கு அடியில் மடித்த ரப்பர் துண்டு வைத்தால் சரியாகிவிடும்.

மர அலமாரி என்றால் பின்பக்கச் சுவரைப் பார்க்காமல் விடாதீர்கள். மண்கோடு மாதிரி ஏறியிருந்தால் கரையான். அந்தக் கோட்டைத் தட்டிவிட்டால் போதாது, மருந்து அடிக்கிறவரைக் கூப்பிட்டபிறகுதான் அலமாரியைத் திரும்ப நிறுத்த வேண்டும். உயரமான ஷெல்ஃபைக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் சுவரோடு எல் கிளாம்ப் போட்டுப் பிணைத்துவிடுங்கள்.

ஆச்சி தன் நாற்காலியை இடம் மாற்ற விடமாட்டேன் என்கிறார்.

ஆச்சி சொல்வது சரி. அவர் அந்த இடத்தில் இருந்துதான் தெருவைப் பார்க்கிறார், பால்காரரைக் கூப்பிடுகிறார், யார் வந்தார் யார் போனார் என்று கணக்கு வைத்திருக்கிறார். அந்த நாற்காலியை அச்சாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமையுங்கள். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். நாற்காலி உட்காரும் உயரம் ஒன்றரை அடிக்குக் குறைந்தால் மூட்டுவலிக்காரர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள், கைப்பிடியும் வேண்டும். புது சோபா எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் இதில் தோற்றுவிடும். அப்புறம், அங்கிருந்து குளியலறைக்குப் போகிற வழியில் கால்மிதி, எக்ஸ்டென்ஷன் ஒயர், டீப்பாய் முனை எதுவும் இருக்கக் கூடாது. ராத்திரி நேரத்து வழி அது.

வாடகை வீடு. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.

சாய்த்து வையுங்கள். படங்களைப் பெஞ்சு மேல், ஷோகேஸ் மேல், தையல் மிஷின் பலகை மேல் சுவரில் சாய்த்து வைத்தாலே அழகுதான். ஏற்கெனவே இருக்கிற ஸ்கிரீன் கம்பியில் பாயைத் தொங்க விடலாம். மிச்சமெல்லாம் மற்ற வீடுகளுக்குச் சொன்னதேதான்.

ஆற்றங்கரைப் பக்கம் வீடு. வெள்ளத்தை நினைத்துச் சாமானை அமைக்க வேண்டுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வந்த வரத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாழ்வான பகுதி என்றால் கார்த்திகை பிறப்பதற்குள் சில மாற்றங்கள் செய்துகொள்ளலாம். பத்திரம், சான்றிதழ், பழைய போட்டோ ஆல்பம் எதுவும் பீரோவின் கீழ்த் தட்டிலும் டிவி ஸ்டாண்ட் டிராயரிலும் வேண்டாம், பரணுக்குப் போகட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் உறுதியான மேடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். பலகைத் தூள் அழுத்திச் செய்த டிவி ஸ்டாண்டும் கட்டிலும் ஒருமுறை நனைந்தால் ஊதிப் பிரிந்துவிடும். பழைய தேக்கு பெஞ்சைக் கழுவி நிழலில் உலர்த்தினால் பிழைத்துக்கொள்ளும். ஆகவே உள்ளே வருகிற தண்ணீர் முதலில் தொடுகிற வாசல் பக்கம் பழைய மரச் சாமான், உள்பக்கம் புதுசு.

கொலு, கிறிஸ்துமஸ், நிச்சயதார்த்தம் என்று வந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் புரட்ட வேண்டுமா?

ஒரு சுவரை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் வேண்டாம். அந்தச் சுவரோரம் சுலபமாகத் தூக்கக்கூடிய ஒற்றை நாற்காலிகளும் ஸ்டூலும் மட்டும் இருக்கட்டும். நவராத்திரிக்கு அங்கே கொலுப்படி, டிசம்பரில் பாளையங்கோட்டை வீடுகளில் குடிலும் மரமும், நிச்சயத்துக்குத் தாம்பூலத் தட்டுகள். பிளக் பாயிண்ட் உள்ள சுவராகப் பார்த்து எடுங்கள், சீரியல் பல்புக்கு ஒயர் இழுத்து யாரும் தடுக்கி விழக் கூடாது. ஆனித் தேரோட்டத்துக்கு ஊரே வீட்டில் வந்து தங்குகிற டவுன்காரர்களுக்கு வேறு வழியே இல்லை, டீப்பாயை மட்டப்பாவுக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏற்றிவிட்டுப் பாயை விரியுங்கள்.

வாசலருகே செருப்பு, ஹெல்மெட், குடை, தண்ணீர் கேன். என்ன செய்தாலும் ஹால் அசிங்கமாகவே தெரிகிறது.

அதுதான் முதலில் கண்ணில் படுகிற இடம், ஆகவே அதை முதலில் சரி செய்யுங்கள். உள்ளறையில் மூடி திறக்காமலே கிடக்கிற பழைய மரப்பெட்டியை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே செருப்பும் குடையும், மேலே உட்கார்ந்து ஷூ போட இடம். ஹெல்மெட்டுக்கு இரண்டு கொக்கி. தண்ணீர் கேன் அடுக்களைக்கே போகட்டும்.

எல்லாம் மாற்றியபிறகு ஒரு நாற்காலியும் ஸ்டூலும் மிஞ்சிவிட்டன.

மிஞ்சினால் நல்லது, ஹாலில் திரும்பத் திணிக்காதீர்கள். திண்ணையிலோ மாடிப்படி முடிகிற இடத்திலோ ஒரு நாற்காலிக்கு எப்போதும் வேலை இருக்கும்.

மாற்றியது பிடிக்கவில்லை என்றால்?

அதற்குத்தான் ஆரம்பிக்கும் முன் வாசலில் நின்று ஒன்றும், அடுக்களைப் பக்கம் நின்று ஒன்றுமாக ஹாலை போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்வது. பழையபடி போடத் தடுமாற வேண்டாம். ஆனால் முதல் நாளே முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று நாளைக்கு வீட்டில் எல்லாரும் பழைய இடத்தை நோக்கியே நடப்பார்கள், இருட்டில் யாராவது டீப்பாயில் இடித்துக்கொண்டு உங்களைத் திட்டுவார்கள். பத்துப் பதினைந்து நாள் விட்டுப் பாருங்கள். அதுவரை டிவி ஒயரைச் சுவரில் கிளிப் அடித்து நிரந்தரமாக்க வேண்டாம், புது ஆணியும் அடிக்க வேண்டாம். பழைய இடத்தில் சுவரில் தெரிகிற அழுக்குத் தடத்தை மட்டும் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், அதைப் பார்த்துப் பார்த்தே பாதிப்பேருக்குப் பழையபடி மாற்றிவிடத் தோன்றும்.